எழுதிக் கொடுக்க யாருக்கு உரிமை? மலாயாவின் சுரங்க உரிமத் தகராறுகள்: ஒரு மீள்பார்வை

பிரிட்டிஷ் ஆதிக்கத்தின் கீழிருந்த மலாய் மாநிலங்களில் 1860-கள் தொடங்கி 1941 வரை எழுந்த நிலவுரிமை, சுரங்க உரிமத் தகராறுகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால், ஆட்கள் மாறுகிறார்கள், இடம் மாறுகிறது, தோண்டும் பொருளும் மாறுகிறது. கேள்வி மட்டும் மாறுவதில்லை. இந்த மண்ணை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு? சுல்தானுக்கா, மாவட்டத் தலைவருக்கா, சுல்தானுக்கு ஆலோசனை சொல்ல வந்த ஆங்கில அதிகாரிக்கா, லண்டனில் இருக்கும் காலனி அமைச்சருக்கா?

இந்தக் கட்டுரையின் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலனி ஆட்சி இக்கேள்விக்கு நிலையான விடை எதையும் வைத்திருக்கவில்லை. உரிமம் வாங்கும் நாளில் சுல்தான் முழு இறைமை பெற்ற மன்னர். நிர்வாகம் நடத்தும் நாளில் அவர் ஆலோசகரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். கடன்காரர் வழக்குப் போடும் நாளில் மறுபடியும் இறைமை பெற்ற மன்னர். அந்தந்த நேரத்து நலனுக்கு ஏற்ப விடை மாறியது. எந்த விடையிலும் இடம் பெறாதவர்கள் இரண்டு தரப்பினர்: அந்த மண்ணில் குடியிருந்தவர்கள், அந்த மண்ணைத் தோண்டியவர்கள்.

மூவார்: கடனுக்கு ஈடான நாடு

ஜொகூரின் மூவாரிலிருந்து தொடங்குவது பொருத்தம். பெரிய சுரங்கம் எதுவும் இங்கே எழவில்லை. ஆனால் நாட்டையே கைமாற்றும் உரிமை ஒரு கடன் பத்திரத்தில் ஏறியது இங்கேதான்.

முன்பு மூவார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து இப்போது தங்காக் மாவட்டத்தில் உள்ள குனோங் லேடாங் மலையை ஐரோப்பியர் ஓஃபிர் மலை என்றார்கள். சாலமன் அரசனுக்குப் பொன் வந்த ஊரின் பெயரை அதற்குச் சூட்டும் அளவுக்கு அந்த மலையடிவாரப் பொன் அவர்களை ஈர்த்திருந்தது. ஆனால் மூவாருக்குச் செல்வம் தந்தது ஆற்றங்கரைதான். கம்பீரும் மிளகும் பயிரிட ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றைச் சீனத் தலைவர் ஒருவருக்கு ஒப்படைக்கும் ‘சூராட் சுங்கை’ என்ற ஆற்றுப் பத்திரத்தை ஜொகூர் ஆட்சியாளர்கள் வழங்கினார்கள். பத்திரம் பெற்றவர் ‘கங்சூ’. காட்டை அழித்து ஆள் குடியேற்றுவதும் வரி கட்டுவதும் அவர் பொறுப்பு. நிலத்தை எழுதிக் கொடுக்கும் வழக்கம் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததல்ல. அவன் வருமுன்பே இங்கே இருந்தது. 1917-இல்தான் கங்சூ முறை ஒழிக்கப்பட்டது.

சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. 1855-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி சுல்தான் அலி ஜொகூரின் ஆட்சியைத் தெமெங்கோங் என்ற பட்டம் தாங்கிய டாயிங் இப்ராகிமிடம் விட்டுக்கொடுத்தார். அவருக்கு மிஞ்சியவை பட்டமும், மாதப் படியும், கெசாங் ஆற்றுக்கும் மூவார் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலமும். அந்த நிலத்தை விற்க நினைத்தால் முதலில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் பிறகு தெமெங்கோங்குக்கும் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது.

மாதப் படி செலவுக்குப் போதவில்லை. சுல்தான் கடன் வாங்கினார். கடன் கொடுத்தவரின் பெயர் பழைய ஆவணங்களில் காவன்னா சானா செல்லப்பா என்று இருக்கிறது. முன்னெழுத்துகளும் பெயரும் அவர் தமிழர் என்பதைக் காட்டுகின்றன. 1860 அக்டோபரில் இருவருக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. மாதப் படியில் ஒரு பங்கு கடனுக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. தவணை தவறியது. 1866-இல் செல்லப்பா பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு முறையிட்டார். நெருக்கடி முற்றிய நிலையில் சுல்தான் ஒரு வாக்குறுதி எழுதிக் கொடுத்தார்: குறித்த காலத்தில் கடனை அடைக்காவிட்டால் மூவார் நிலப்பகுதியைத் தெமெங்கோங்குக்கோ பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கோ கைமாற்றிக்கொள்ளும் உரிமை செல்லப்பாவுக்கு உண்டு.

வயலையும் தோப்பையும் ஈடு வைப்பது நமக்குப் பழக்கமான விஷயம். இங்கே ஈடாக வந்தது குடிமக்களோடு கூடிய ஆட்சிப் பகுதி. வாங்கத் தகுதியுள்ளவர்கள் என்று பத்திரம் குறிப்பிட்டதும் 1855 உடன்படிக்கை குறிப்பிட்ட அதே இருவரைத்தான். ஒரு வட்டிக்கடைக்காரரின் கணக்குப் புத்தகத்துக்குள் ஒரு நாட்டின் இறைமை நுழைந்தது என்றால், அந்த இறைமையை விலைப்பொருளாக்கிய முதல் பத்திரம் 1855-லேயே எழுதப்பட்டுவிட்டது என்பதை மறக்கக் கூடாது.

1877-இல் சுல்தான் அலி இறந்தார். மூவாரின் தலைவர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டு, நிர்வாகத்தை ஜொகூர் மகாராஜா அபு பக்கரிடம் பிரிட்டிஷார் ஒப்படைத்தார்கள். வாரிசுரிமை கோரிய துங்கு ஆலமின் ஆதரவாளர்கள் 1879-இல் ஜெமெந்தாவில் ஆயுதம் ஏந்தினார்கள், கிளர்ச்சி அடக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் பண்டார் மகாராணி என்ற பெயரோடு மூவார் நகரம் உருவெடுத்தது.

சிலாங்கூர்: உரிமம் பெற்றவரே அதிகாரி ஆனபோது

மேற்குக் கரையில் ஈயம் இருந்தது, அதனால் ரத்தமும் சிந்தியது. பேராக்கின் லாருட்டில் கீ ஹின், ஹய் சான் என்ற இரு சீனக் குழுக்கள் 1861 முதல் சுரங்கங்களுக்காகவும் அவற்றுக்கு நீர் கொண்டுவரும் கால்வாய்களுக்காகவும் மோதிக்கொண்டன. சிலாங்கூரில் 1867-இல் கிள்ளான் போர் தொடங்கியது. ஆற்று முகத்துவாரம் யார் கையிலோ, ஏற்றுமதியாகும் ஈயத்தின் மீதான வரி அவர் கையில். இதுதான் அந்தப் போர்களின் கணக்கு.

சிலாங்கூர் சுல்தானின் மருமகன் துங்கு குடின் போரில் ஒரு தரப்பை நடத்தியவர். அவருக்குப் பண உதவி செய்தவர்களில் சிங்கப்பூர் வழக்கறிஞர் ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன் முக்கியமானவர். 1873-இல் சிலாங்கூரின் ஈயத்தைத் தோண்டப் பத்தாண்டுக்கால உரிமம் டேவிட்சன் தரப்புக்குக் கிடைத்தது. லண்டனில் முதல் திரட்டும் வேலையில் இறங்கிய சீமோர் கிளார்க், அதே ஆண்டு ஜூலையில் காலனி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். பிரிட்டன் பாதுகாப்புக் கொடுக்காவிட்டால் அங்குள்ளவர்கள் ஜெர்மனி போன்ற வேறொரு வல்லரசின் பாதுகாப்பை நாடக்கூடும் என்பது கடிதத்தின் சாரம். 1874 ஜனவரியில், ரெசிடெண்ட் என்ற பிரிட்டிஷ் ஆலோசகரைப் பேராக் ஏற்கச் செய்த பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1875-இல் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக நியமிக்கப்பட்டவர் அதே டேவிட்சன்.

பிரிட்டன் ஏன் அப்போது தலையிட்டது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வேறொரு வல்லரசு உள்ளே வந்துவிடும் என்ற அச்சமே காரணம் என்றார் சி. டி. கோவன். கூ கே கிம்மின் ஆய்வு நீரிணைக் குடியேற்றங்களின் வணிகர்கள் போட்ட முதலீட்டையும் மலாய்த் தலைவர்களுக்குள் நடந்த அரசியலையும் முன்னே கொண்டுவந்தது. உரிமப் பத்திரத்தை நடுவில் வைத்துப் பார்த்தால் இரண்டு விளக்கங்களும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன என்பது என் கருத்து. வணிகரிடம் பத்திரம் இருந்தது. பத்திரத்துக்கு மதிப்பு வர ஆட்சி வேண்டியிருந்தது. வேறு வல்லரசு வந்துவிடும் என்ற பயமுறுத்தல் அந்த ஆட்சியை வரவழைக்கும் வழியாயிற்று.

பகாங்: ஒரே நிலம், பல சொந்தக்காரர்கள்

கிழக்கே பகாங்கில் 1880-களில் சுல்தான் அகமது பெரும் பரப்புகளை ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுத்தார். குவாந்தானில் ஈயம், ரவூப்பிலும் பெஞ்சோமிலும் பொன். 1888-இல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஆட்சியை சுல்தான் ஏற்றுக்கொள்ள, ஜே. பி. ரொட்ஜர் பொறுப்புக்கு வந்தார். அதற்குள் நாட்டின் பெரும்பகுதி காகிதத்தில் கைமாறியிருந்தது. காகிதத்தில் காலியாகத் தெரிந்த இடங்களில் மலாய்த் தலைவர்கள் பரம்பரையாக வரி வாங்கி வந்தார்கள். மலாய்க்காரர்களும் சீனர்களும் பொன் அரித்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே தகராறு மூன்று அடுக்காக இருந்தது. கம்பெனிக்கும் பழைய சுரங்கக்காரர்களுக்கும் இடையே எல்லைச் சண்டை. கம்பெனிக்கும் ரெசிடெண்டுக்கும் இடையே, நிலத்தை வாங்கிப் போட்டுவிட்டுத் தோண்டாமல் பங்குச் சந்தையில் விலை பேசுவது பற்றிய சண்டை. இரண்டுக்கும் அடியில், வருமானத்தையும் மதிப்பையும் இழந்த மாவட்டத் தலைவர்களின் கோபம். 1891 டிசம்பரில் செமந்தான் தலைவர் டத்தோ பஹாமான் கிளர்ந்தெழுந்தார். புதிய வரிகளும் பறிபோன அதிகாரங்களும் அந்தக் கிளர்ச்சிக்குக் காரணம் என்று பாடநூல்கள் சொல்கின்றன. தலைவர்களின் ஆட்சிப் பகுதிகள் அவர்களைக் கேட்காமலே கம்பெனி நிலங்களாக மாறியதையும் அந்தப் பட்டியலில் சேர்த்தாக வேண்டும்.

கிளந்தான்: இறைமை யாருக்குக் கேடயம்?

பஹாமானின் ஆட்களைத் தேடி 1895-இல் பிரிட்டிஷ் அதிகாரி கிளிஃபோர்டின் தலைமையில் கிளந்தானுக்குள் சென்ற படையில் பகாங் காவல்துறை அதிகாரி ராபர்ட் வில்லியம் டஃப் இருந்தார். அங்கே கண்ட வளம் அவர் மனதில் தங்கியது. வேலையை விட்டுவிட்டு லண்டனில் முதல் திரட்டித் திரும்பினார். 1900 அக்டோபரில் கிளந்தான் மன்னரிடமிருந்து அவர் பெற்ற உரிமம் ஏறத்தாழ 3,000 சதுர மைல். மாநிலத்தின் பாதிப் பரப்பு ஒரே பத்திரத்தில் போயிற்று. கனிமம், காடு, வணிகம் என அனைத்தும் அதில் அடக்கம். ஒரு தனியார் கம்பெனி குட்டி அரசாங்கம் போல் நடந்துகொள்ள அது வழிவிட்டது.

கிளந்தான் அப்போது சயாமின் மேலாண்மையை ஏற்றிருந்தது. தன் அனுமதி இல்லாமல் மன்னர் நிலத்தை எழுதிக் கொடுக்க முடியாது என்றது சயாம். தான் சுதந்திர மன்னரிடம் வாங்கியதாகச் சொன்னார் டஃப். 1902-இல் பிரிட்டனும் சயாமும் ஒரு சமரசத்துக்கு வந்தன. சயாம் அரசின் பணியில் இருந்த டபிள்யூ. ஏ. கிரஹாம் என்ற ஆங்கிலேயர் ஆலோசகராகக் கோத்தா பாருவுக்கு வந்தார். 1909-இல் பாங்காக் உடன்படிக்கைப்படி கிளந்தான் பிரிட்டனின் பாதுகாப்புக்கு மாறியது.

மேலதிகாரம் பிரிட்டன் கைக்கு வந்ததும் டஃப்பின் பத்திரம் பிரிட்டனுக்கே இடைஞ்சலாயிற்று. 1912-இல் புதிய ஒப்பந்தம் எழுதினார்கள். ஆட்சி உரிமை போன்ற சலுகைகளைக் கம்பெனி விட்டுக்கொடுத்தது. அதற்குக் கிளந்தான் அரசாங்கம் 3,00,000 பவுன் தர ஒப்புக்கொண்டது. கம்பெனியின் நிலத்துக்குப் போக்குவரத்து வசதி செய்து தரும் கடமையும் ஏற்றது. ஏழை மாநிலம் ஒன்றின் கருவூலத்துக்கு அந்தத் தொகை பல ஆண்டுச் சுமை. பிறகு போக்குவரத்துத் திட்டம் மாறியது. வாக்குத் தவறிவிட்டதாகக் கம்பெனி நடுவரிடம் போனது. தீர்ப்பு கம்பெனிக்குச் சாதகம். அதை ரத்துச் செய்யக் கேட்டு கிளந்தான் அரசாங்கமே ஆங்கில நீதிமன்றத்தின் படியேறியது. 1923-இல் பிரபுக்கள் சபையில் தோற்றது.

அடுத்து நடந்ததுதான் இந்த வரலாற்றின் உச்சம். நடுவர் தீர்ப்பை நிறைவேற்றக் கம்பெனி முயன்றபோது, இறைமை பெற்ற அரசை ஆங்கில நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது என்று கிளந்தான் தரப்பு வாதிட்டது. நீதிமன்றம் காலனி அலுவலகத்திடம் விளக்கம் கேட்டது. கிளந்தான் சுதந்திர நாடு, சுல்தான் அதன் இறைமை பெற்ற ஆட்சியாளர் என்று பதில் வந்தது. அந்தப் பதிலோடு 1910-ஆம் ஆண்டு உடன்படிக்கையும் இணைக்கப்பட்டிருந்தது. இஸ்லாமிய சமயமும் மலாய் வழக்கமும் தவிர்ந்த எல்லா நிர்வாக விஷயங்களிலும் பிரிட்டிஷ் ஆலோசகரின் யோசனைப்படி நடக்க சுல்தானைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை அது. இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்துப் படித்த பிறகும், அமைச்சரின் கடிதமே முடிவானது என்று 1924-இல் பிரபுக்கள் சபையின் பெரும்பான்மை தீர்ப்பளித்தது. கார்சன் பிரபு மட்டும் உடன்படவில்லை.

இந்தத் தீர்ப்புக்குத் துணைநின்ற முன்மாதிரிகளில் ஒன்று ஜொகூரிலிருந்து வந்தது. லண்டனில் ஆல்பர்ட் பேக்கர் என்ற பெயரில் தங்கியிருந்த சுல்தான் (முன்பு மகாராஜா) அபு பக்கர் மீது, திருமண வாக்கை மீறியதாக ஓர் ஆங்கிலப் பெண் வழக்குத் தொடுத்தார். 1894-இல் வெளியான அந்தத் தீர்ப்பிலும் காலனி அலுவலகக் கடிதமே வழக்கை முடித்துவைத்தது: ஜொகூர் இறைமை பெற்ற நாடு. ஆனால் 1885 உடன்படிக்கையில் ஜொகூரின் வெளியுறவை பிரிட்டன் எடுத்துக்கொண்டிருந்தது. இந்தச் சொல்விளையாட்டின் ஆபத்து அபு பக்கருக்குப் புரிந்தே இருந்தது. 1895-ஆம் ஆண்டு ஜொகூர் அரசமைப்புச் சட்டத்தில், ஆட்சியாளர் நாட்டை அந்நிய வல்லரசுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்று எழுதிவைத்தார்கள். 1855-இல் விலைபோன இறைமைக்கு ஜொகூரே போட்ட வேலி அது. ஆனாலும் 1914-இல் பிரிட்டிஷ் பொது ஆலோசகரின் அதிகாரத்தை ஏற்கும் நிலை வந்தது.

ஸ்ரீ மேடான்: இரும்பு போன வழி

1914-க்குப் பிறகு ஜொகூரில் எந்தப் பெரிய உரிமமும் ஆலோசகர் அறியாமல் போயிருக்க முடியாது. 1920-களின் தொடக்கத்தில் பத்து பகாட் மாவட்டத்தின் ஸ்ரீ மேடானில் இரும்புத்தாது தோண்டும் உரிமம் ஜப்பானியர் இஷிஹாரா ஹிரோயிச்சிரோவின் கம்பெனிக்குப் போனது. ரப்பர் பயிரிட மலாயாவுக்கு வந்தவர் அவர். தோண்டிய தாது ஆற்று வழியே கடலுக்கு வந்து கப்பலேறி ஜப்பானின் யவாட்டா எஃகு ஆலைக்குப் போயிற்று. மலாயா இரும்பில் பிரிட்டிஷ் முதலாளிகளுக்கு அக்கறை இல்லை. ஜொகூர் கருவூலத்துக்கோ உரிமத்தொகை வந்தது. எதிர்ப்புச் சொல்ல யாரும் இருக்கவில்லை. 1930-களில் ஜப்பான் இறக்குமதி செய்த இரும்புத்தாதுவில் பெரும் பங்கு மலாயாவுடையது.

முதலில் எதிர்த்தவர்கள் தொழிலாளர்கள். 1937-இல் ஜப்பான் சீனாவின் மீது முழுப் போர் தொடுத்தபோது, தாங்கள் வெட்டும் இரும்பு தங்கள் தாய்நாட்டின் மீதே விழுவதை உணர்ந்த சீனத் தொழிலாளர்கள் ஜப்பானியச் சுரங்கங்களிலிருந்து கூட்டமாக வெளியேறினார்கள். உரிமம் வழங்கிய அரசு வருமானக் கணக்கில் பார்த்ததை அவர்கள் நியாயக் கணக்கில் பார்த்தார்கள்.

1942 ஜனவரி நடுவில் ஜப்பானியப் படை மூவார் ஆற்றைக் கடந்தது. மூவாரிலிருந்து யோங் பெங் போகும் சாலையில் பக்ரியிலும் பாரிட் சூலோங்கிலும் கடும் சண்டை. பாரிட் சூலோங்கில் சிறைப்பட்ட, காயமுற்ற ஆஸ்திரேலிய, இந்திய வீரர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஸ்ரீ மேடான் அங்கிருந்து தொலைவில் இல்லை. இருபது ஆண்டுகள் இங்கிருந்து இரும்பு போயிற்று. இரும்பு வாங்கிய நாட்டின் படை இதே பக்கமாக வந்தது. ஆலோசகருக்கு அதிகாரம் இருந்தும் அந்த அதிகாரம் யாருடைய பாதுகாப்பை எண்ணிப் பயன்பட்டது என்ற கேள்விக்கு இந்த நிலப்பரப்பே சாட்சி.

வேறு மண்ணிலும் இதே கதை

மற்ற நாடுகளிலும் இதுவே நடந்தது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் 1888-இல் மன்னர் லோபெங்குலா ரட் உரிமத்தில் தன் நாட்டின் கனிமங்களை எழுதிக் கொடுத்தார். பதிலுக்கு 1,000 துப்பாக்கிகளும் மாதம் 100 பவுனும். நிலத்துக்கு வேறொரு பத்திரத்தை லிப்பர்ட் என்பவர் வாங்கினார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனபோது, நிலம் அந்த உரிமங்களைக் கைப்பற்றிய பிரிட்டிஷ் கம்பெனிக்கும் இல்லை, அங்கே வாழ்ந்த மக்களுக்கும் இல்லை, பிரிட்டிஷ் முடியரசுக்கே என்று தீர்ப்பு வந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமானது கோலார். மைசூர் 1831 முதல் 1881 வரை பிரிட்டிஷ் ஆணையரின் நேரடி நிர்வாகத்தில் இருந்தது. அந்தக் காலத்தில்தான், 1875-இல், அயர்லாந்து நாட்டு முன்னாள் சிப்பாய் லாவெல்லுக்குக் கோலாரில் சுரங்கம் தோண்டும் உரிமம் கிடைத்தது. ஆழத் தோண்ட அவரிடம் முதல் இல்லை; உரிமம் கைமாறியது; 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் பொன் எடுத்துக் காட்டியது. மைசூருக்குக் கிடைத்தது உரிமத்தொகை; இலாபம் லண்டன் பங்குதாரர்களுக்கு. உள்ளே இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழர். 1930-இல், தங்கள் விரல் ரேகையை எடுத்துப் பதிவு செய்யும் திட்டத்தை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனிக்கு ஆட்சியின் கையெழுத்து வேண்டியிருந்தது, தொழிலாளியின் கைரேகையும் வேண்டியிருந்தது. முன்னது உரிமை தரும் காகிதத்துக்கு. பின்னது ஆளைக் கண்காணிக்கும் காகிதத்துக்கு.

இன்றைய கணக்கு

விடுதலைக்குப் பிறகு கேள்விக்கு எழுத்தில் தெளிவான விடை வந்தது. மலேசியக் கூட்டரசு அரசமைப்பின்படி நிலமும் சுரங்க உரிமமும் மாநிலங்களின் அதிகாரம். ஆலோசகரும் இல்லை, காலனி அலுவலகமும் இல்லை. ஆனாலும் 2014-க்குப் பிறகு குவாந்தானில் நடந்த பாக்சைட் வேட்டை பழைய நோயின் புதிய முகத்தைக் காட்டியது. புக்கிட் கோ பகுதியில் ஃபெல்டா என்ற அரசு நிலத் திட்டத்தில் குடியேறியவர்கள் தங்கள் செம்பனைத் தோட்டங்களைத் தோண்ட விட்டார்கள். சாலைகளும் வீடுகளும் கடலோரமும் செம்மண்ணாயின. அப்போதைய விதிப்படி 250 ஹெக்டேருக்கு மேற்பட்ட சுரங்கத்துக்கே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம். சிறு சிறு துண்டுகளாகத் தோண்டியவர்களை அந்த விதி தொடவில்லை. 2016 ஜனவரியில் தடை வந்தது. அதற்குள் பலரின் கிணறும் தோட்டமும் கெட்டுவிட்டன.

இதற்கு எதிர்த்திசையிலும் ஓர் அடி எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதுவும் ஜொகூரில்தான். லிங்கியு அணைக்காகத் தங்கள் மூதாதையர் நிலத்தை இழந்த ஜகூன் மக்கள் மாநில அரசின் மீது தொடுத்த வழக்கில், பூர்வகுடிகளுக்கு அந்த நிலத்தின் மீது உரிமை உண்டு என்று ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் 1997-இல் தீர்ப்பளித்து இழப்பீடும் வழங்கியது. நூறாண்டுக்கு மேலாக எந்தப் பத்திரத்திலும் பெயர் வராத ஒரு தரப்பு, நீதிமன்றத்தில் தரப்பாக ஏற்கப்பட்டது. சுரங்க வழக்கு இல்லைதான். ஆனால் சுரங்க வழக்குகள் அனைத்துக்கும் அடிப்படையான கேள்வியை அது தொட்டது.

இந்தத் தகராறுகள் அனைத்தையும் படித்த பின் எனக்கு உறுதியாகத் தெரிவது இது. கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு என்பதைச் சட்டம் எவ்வளவு துல்லியமாக எழுதினாலும், கையெழுத்துக்கு முன் யாரைக் கேட்க வேண்டும் என்பதை எழுதாவிட்டால் அநீதி தொடரும். செல்லப்பாவின் பத்திரமும் டஃப்பின் பத்திரமும் மூடிய அறையில் எழுதப்பட்டவை. பாதிக்கப்படப் போகிறவர்கள் விஷயத்தை அறிந்தது பத்திரம் கைமாறிய பிறகுதான். ஆகவே சுரங்க உரிமம் வழங்கும் ஒவ்வொரு மாநிலமும், உரிமத்தின் எல்லை, காலம், உரிமத்தொகை, பெறுபவர் யார் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே வெளியிட வேண்டும். அந்நிலத்தில் குடியிருப்பவர்களின் கருத்தைப் பதிவு செய்ய வேண்டும். சிறு சிறு துண்டுகளைக் கூட்டிப் பார்த்து மதிப்பிட வேண்டும். மூவார் மக்களுக்கும் இந்தக் கோரிக்கையை எழுப்ப உரிமை உண்டு. அவர்களின் ஊரே ஒருகாலத்தில் அவர்களைக் கேட்காமல் ஈடாக எழுதிக் கொடுக்கப்பட்ட ஊர்.